பெயர் தெரியாத கீரைக்கட்டு: அறிமுகமில்லாத ஆசியக் காய்கறிகளைக் கண்டுபிடிக்க, சமைக்க, வளர்க்க ஒரு வழிகாட்டி

முதன்முதலில் வாங்கிய பாக் சோய் என்ற சீனக் கீரையை நான் பாழாக்கினேன். எல்லாக் கீரையையும் போல அடி முதல் நுனி வரை ஒரே அளவாக நறுக்கி, கழுவிய ஈரம் சொட்டச் சொட்ட வாணலியில் கொட்டினேன். சிறிது நேரத்தில் இலை கறுத்துத் துவண்டது. வெள்ளைத் தண்டு அரைவேக்காட்டில் நின்றது. சட்டியின் அடியில் மணல் வேறு. பழியைக் காய்கறியின் மேல் போட்டுவிட்டு, இரண்டு ஆண்டுகள் அந்தப் பக்கமே போகவில்லை.

அது கடுகுக்கு நெருங்கிய சொந்தம் என்று பிறகு தெரிந்தது. தெரிந்ததும் பல முடிச்சுகள் அவிழ்ந்தன. கடுகுக் குடும்பத்துக் கீரை என்றால் வெயில் பிடிக்காது, சட்டென்று பூத்துவிடும், இலை நொடியில் வேகும், நீண்ட நேரம் கொதித்தால் கந்தக வாடை அடிக்கும். புதிய காய்கறி ஒன்று கைக்கு வந்தால் இப்போது இரண்டே கேள்விகள்தான் கேட்கிறேன். இது எந்தக் குடும்பம்? நாம் தின்பது செடியின் எந்த உறுப்பு? முதல் விடை வளர்க்கும் பருவத்தைச் சொல்லும். இரண்டாவது விடை அடுப்பில் வைக்கும் நேரத்தைச் சொல்லும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த இரண்டு கேள்விகளின் விரிவே.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ‘ஆசியக் காய்கறிகள்’ என்று ஆங்கிலத்தில் வரும் பட்டியல்களைப் பார்த்தால் பாகற்காய், பீர்க்கங்காய், நீற்றுப்பூசணி, சேப்பங்கிழங்கு, கொடிப்பசலை எல்லாம் அதிசயப் பொருள்களாக வரிசையில் நிற்கும். தமிழ் வாசகருக்கு அவற்றை நான் அறிமுகப்படுத்தினால் சிரிப்பார்கள். ஆகவே இங்கே பேச்சு பெரும்பாலும் சீனம், ஜப்பான், கொரியா, தென்கிழக்காசியா ஆகிய பகுதிகளின் காய்கறிகளைப் பற்றியது.

படி 1: பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

கடைச் சீட்டில் உள்ள பெயரை நம்பக் கூடாது. ‘சோய்’ என்றால் கான்டனீஸ் மொழியில் காய்கறி, கீரை என்றுதான் பொருள். பாக் சோய் என்பது ‘வெள்ளைக் கீரை’. அதே சொற்களை மாண்டரின் மொழியில் ‘பாய் சாய்’ என்பார்கள். ஆனால் வட சீனத்தில் அந்தப் பெயர் குறிப்பது நீள்வட்டமாக இறுகிய சீன முட்டைக்கோஸை. நாம் பாக் சோய் என்பது அங்கே ‘சின்ன வெள்ளைக் கீரை’. சீன முட்டைக்கோஸுக்கு வழங்கும் ‘நாப்பா’ என்ற பெயரோ ஜப்பானியச் சொல். அதற்குப் பொருள் இலைக்கறி. சோய் சம் என்றால் ‘கீரையின் நெஞ்சு’, அதாவது பூந்தண்டு.

மொழிபெயர்த்த பெயர்கள் இன்னும் மோசம். கொரியக் கடைகளில் ‘எள் இலை’ என்று எழுதி விற்கும் அகன்ற, ஓரம் பல்பல்லான இலைக்கும் எள்ளுக்கும் சம்பந்தம் இல்லை. அது பெரில்லா, துளசி–புதினாக் குடும்பத்துச் செடி. ஜப்பானியர் ஷிசோ என்பது அதன் இன்னொரு வகை. ‘சீன’ என்ற அடைமொழியும் அப்படித்தான்: சீனப் புரோக்கோலி, சீனக் கீரை, சீனச் செலரி என்று எதன் முன்னாலும் ஒட்டிவிடுகிறார்கள். கொடிப்பசலையையும் வள்ளைக்கீரையையும் ஆங்கிலத்தில் ‘ஸ்பினாச்’ என்றே அழைக்கிறார்கள். இரண்டும் அந்தக் குடும்பமே இல்லை.

தப்பிக்க ஒரே வழி தாவரவியல் பெயர். விதை உறைகளில் பெரும்பாலும் அது அச்சிட்டிருக்கும். கடையில் இல்லாவிட்டால் பெயர்ச்சீட்டைப் படம் எடுத்துவந்து, வீட்டில் தேடிப் பாருங்கள். சீன எழுத்து இருந்தால் அதையும் சேர்த்து எடுங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டல் கடைக்குக் கடை மாறும், சீன எழுத்து அவ்வளவு மாறாது.

தேடிப் பார்த்தால் வியப்பு காத்திருக்கிறது. பாக் சோய், நாப்பா, சோய் சம், இலைக்கீரைகளான டாட்சோய், மிசுனா, கொமட்சுனா, கிழங்குக்காக வளர்க்கும் டர்னிப் ஆகிய ஏழும் ஒரே இனம்: பிராசிக்கா ராப்பா. உருவம்தான் வேறு. கை லான் எனப்படும் சீனப் புரோக்கோலி, முட்டைக்கோஸும் காலிஃபிளவரும் சேர்ந்த பிராசிக்கா ஒலரேசியா இனம். கை சோய் எனப்படும் காரக் கீரை பிராசிக்கா ஜன்சியா, சாட்சாத் கடுகேதான். இந்த உறவை அவிழ்த்துக் காட்டியவர் வூ ஜாங்-சுன் என்ற தாவரவியலாளர். ராப்பாவும் கருங்கடுகும் கலந்து பிறந்ததே ஜன்சியா என்று 1935-இல் அவர் வெளியிட்ட ஆய்வு விளக்கியது. கணக்கு எளிமையானது: ராப்பாவின் 10 ஜோடி குரோமோசோமும் கருங்கடுகின் 8 ஜோடியும் சேர்ந்து 18 ஜோடி. டோக்கியோவில் பிறந்த அவர் 1950-இல் கொரியாவுக்குப் போய், அங்கே முட்டைக்கோஸ், முள்ளங்கி விதை உற்பத்திக்கு அடித்தளம் இட்டார்.

இந்தக் குடும்ப விவரம் வெறும் பொது அறிவுக்காக அன்று. ஏழு பெயர்களும் ஒரே இனம் என்று தெரிந்தால், தின்னும் உறுப்பும் ஒத்திருக்கும்வரை, ஒன்றுக்கான சமையல் குறிப்பை மற்றொன்றுக்குத் துணிந்து பயன்படுத்தலாம். ஒன்று பூத்துவிடும் பருவத்தில் மற்றதும் பூக்கும் என்று முன்கூட்டியே தெரியும்.

படி 2: வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்

கீரை வகைகளுக்கு வெட்டுவாய்தான் முகவரி. கை லான், சோய் சம் போன்ற தண்டுக் கீரைகளின் அடிவெட்டைத் திருப்பிப் பாருங்கள். ஈரமாக, இளம்பச்சையாக இருந்தால் நல்லது. நடுவில் வெளுத்த மரக்கட்டை போன்ற வட்டம் தெரிந்தால் முற்றிவிட்டது. மொட்டு இருப்பது குறையில்லை. ஒன்றிரண்டு பூ விரிந்திருந்தாலும் வாங்கலாம். கொத்தாகப் பூத்துக் குலுங்கினால் விட்டுவிடுங்கள்.

நாப்பா முட்டைக்கோஸைக் கையில் எடுத்தால் அளவுக்கு மீறிய கனம் தெரிய வேண்டும். அதன் வெள்ளை நடுநரம்பில் மிளகுப்பொடி தூவியது போல் கரும்புள்ளிகள் இருக்கும் சில சமயம். பூஞ்சை என்று பயந்து தூக்கி எறிந்தவர்களில் நானும் ஒருவன். அது வளரும்போதும் சேமிப்பிலும் செடி பட்ட அவதியின் அடையாளம், தின்னலாம்.

டைக்கான் என்ற நீள வெள்ளை முள்ளங்கி கனமாக இருக்க வேண்டும். இலேசாக இருந்தால் உள்ளே பஞ்சு. தாமரைக்கிழங்கில் இரு முனையும் மூடிய கணுவாகத் தேர்ந்தெடுங்கள். முனை திறந்திருந்தால் துளைகளுக்குள் சேறு புகுந்திருக்கும், கழுவி மாளாது. வள்ளைக்கீரை வாங்கிய மறுநாளே வாடத் தொடங்கும்; ஆகவே கடைக்குச் சரக்கு எந்த நாளில் வருகிறது என்று கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர்கள் மகிழ்ச்சியாகச் சொல்வார்கள்.

உறைந்த சரக்கை இளக்காரமாக நினைக்க வேண்டாம். பச்சைச் சோயா காய், தாமரைக்கிழங்கு, மூங்கில் குருத்து மூன்றும் உறையவைத்தோ, காற்று நீக்கிய பையிலோ வாங்கினால் நன்றாகவே இருக்கும். இலைக்கீரைக்கு மட்டும் அது ஒத்துவராது.

வீட்டுக்கு வந்ததும் முள்ளங்கியின் இலையை உடனே வெட்டிப் பிரித்துவிடுங்கள். விட்டுவைத்தால் இலை வேரின் நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கீரைகளைக் கழுவாமல், தாளில் சுற்றிப் பையில் போட்டுக் குளிர்பெட்டியில் வையுங்கள். முழு நாப்பா வாரக்கணக்கில் தாங்கும். வள்ளைக்கீரைக்கு இரண்டு நாள் தவணைதான்.

படி 3: சமைக்கும் முன் ஒரு சோதனை

புதிய கீரை எதையும் நேராகக் குழம்பிலோ வறுவலிலோ போடாதீர்கள். ஒரு தண்டை மட்டும் உப்பிட்ட கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்து, வேறு எதுவும் சேர்க்காமல் மென்று பாருங்கள். கசக்கிறதா, காரமா, வழவழப்பா, நாரா? இந்த ஒரு நிமிடச் சோதனை பத்துச் சமையல் குறிப்புகளுக்குச் சமம். கசந்தால் முழுவதையும் முதலில் கொதிநீரில் காட்டி எடுக்க வேண்டும். நார் இருந்தால் தண்டின் தோலை உரிக்க வேண்டும். வழவழப்பு என்றால் வதக்குவதைவிட நீர்த்த சாற்றில் போடுவது நல்லது.

பச்சையாகச் சுவைத்துப் பார்க்கக் கூடாதவை சில உண்டு. மூங்கில் குருத்தில் சயனைடு வெளியிடும் பொருள் இருக்கிறது. பச்சைச் சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் உள்ளன. சேம்பின் கிழங்கும் இலையும் ஊசி போன்ற ஆக்சலேட் படிகங்களால் நாக்கையும் தொண்டையையும் அரித்துவிடும். குளம், வாய்க்கால் நீரில் வளர்ந்த வள்ளைக்கீரையும் நீர்க்கொட்டைக்கிழங்கும் (வாட்டர் செஸ்ட்நட்) குடலில் வாழும் தட்டைப்புழுவின் இளம்புழுக்களைச் சுமந்திருக்கலாம். இவை எல்லாம் வெந்த பிறகே வாய்க்கு.

படி 4: அடுப்பில்

பாக் சோயில் தொடங்குகிறேன். இதைக் கற்றுக்கொண்டால் இந்தக் குடும்பத்தில் பாதி கைவந்துவிடும்.

கால் கிலோ பாக் சோயின் அடியைக் கால் அங்குலம் வெட்டித் தள்ளி, தண்டுகளைத் தனித்தனியாகப் பிரியுங்கள். மணல் தங்குவது தண்டின் உள்வளைவில், அடிப்பக்கத்தில். அகன்ற பாத்திரத்தில் நீர் நிரப்பி முக்கி, பத்து நிமிடம் விட்டு, கீரையை மேலாக அள்ளி எடுங்கள். நீரோடு சாய்த்து வடித்தால் அடியில் படிந்த மணல் மறுபடி கீரை மேலேயே விழும். பிறகு ஈரம் போக உலர்த்துங்கள். நான் தவறியது இங்கேதான்: ஈரக் கீரையைப் போட்டால் வாணலியின் சூடு முழுவதும் அந்த நீரை ஆவியாக்குவதில் போய்விடும், கீரை வதங்காமல் புழுங்கும்.

தண்டு ஒரு குவியல், இலை ஒரு குவியல். வாணலி நன்றாகக் காய்ந்ததும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், தட்டிய பூண்டு இரண்டு பல், நான்கைந்து இஞ்சித் துண்டு. பூண்டு சிவக்கும் முன்பே தண்டைப் போட்டு ஒன்றரை நிமிடம் கிளறுங்கள். இலையைப் போட்டு அரை நிமிடம். சோயா சாறு ஒரு தேக்கரண்டி ஓரமாக ஊற்றி இறக்கிவிடுங்கள். அடுப்பை அணைத்த பிறகும் கீரை வெந்துகொண்டுதான் இருக்கும். ‘இன்னும் கொஞ்சம்’ என்று தோன்றும்போதே இறக்குவதுதான் கணக்கு. கால் கிலோவுக்கு மேல் இருந்தால் இரண்டு தடவையாகச் செய்யுங்கள். வீட்டு அடுப்பின் தீ அதற்கு மேல் தாங்காது.

டாட்சோய்க்கு தண்டு நேரத்தைப் பாதியாக்குங்கள். சோய் சம், கை லான் தண்டுகள் தடித்தவை. முதலில் கொதிநீரில் ஒன்றிலிருந்து இரண்டு நிமிடம் காட்டி வடித்து, பிறகு வதக்கினால் ஒரே சீராக வேகும். சிப்பிச் சாற்றை மேலே ஊற்றிப் பரிமாறுவது சீன வழக்கம். கை சோயின் காரமும் கசப்பும் கொதிநீரில் ஓரளவு இறங்கிவிடும். முழுவதும் போக்கிவிடாதீர்கள், அதற்காகத்தானே அந்தக் கீரை.

நாப்பாவுக்கு வேறு குணம். அதில் நீர் அதிகம். மெல்லிய தீயில் நீண்ட நேரம் வேகும்போது இனிக்கும். உப்பிலும் அழகாக வசப்படும். ஒரு கிலோ நறுக்கிய நாப்பாவுக்கு 20 கிராம் உப்பு பிசறி, மேலே கனம் வைத்து அழுத்துங்கள். ஒன்றிரண்டு மணி நேரத்தில் நீர் விட்டுத் துவளும். பிழிந்து, மிளகாய், இஞ்சி, சிறிது காடி சேர்த்தால் அன்றே தின்னும் ஊறல் தயார். கொரியர்களின் புளித்த ஊறலான கிம்ச்சி என்பது இந்த வழியின் நீண்ட பயணம். அதற்குத் தனியாகவே எழுத வேண்டும்.

வள்ளைக்கீரையின் தண்டு உள்ளே குழல். அதனால்தான் மொறுமொறுப்பு நிற்கிறது. சாறும் குழலுக்குள் ஏறிக்கொள்கிறது. விரல் நீளத்துக்கு ஒடித்து, தடித்த அடித்தண்டை நசுக்கி, பெருந்தீயில் இரண்டு நிமிடம். இதற்குப் புளித்த சோயாக் கட்டியோ, இறால் விழுதோ சேர்ப்பது தென்கிழக்காசியப் பக்குவம். தாவரக் குடும்பத்தில் இது சர்க்கரைவள்ளியின் தங்கை. சர்க்கரைவள்ளி இலையையும் இதே போலச் சமைக்கலாம் என்பது அந்த உறவு தரும் உபரி லாபம்.

ஷுங்கிக்கு என்ற சாமந்திக் கீரையைப் பற்றிச் சண்டையே நடக்கும். பிடித்தவர்களுக்கு உயிர், பிடிக்காதவர்களுக்கு மருந்து. கொதிக்கும் சாற்றில் அரை நிமிடம் முக்கினால் மணக்கும். மூன்று நிமிடம் விட்டால் கசக்கும். முதல் தடவை கொஞ்சமாக வாங்குங்கள்.

டைக்கானில் ஒரு முள்ளங்கிக்குள்ளேயே இரண்டு சுவை. இலைப்பக்கம் இனிப்பு, நுனிப்பக்கம் காரம். மேல்பாதியைப் பச்சையாகத் துருவுங்கள், கீழ்ப்பாதியை வேகவையுங்கள். ஜப்பானியர் வட்டமாக வெட்டி, அரிசி கழுவிய நீரில் முதலில் வேகவைத்து, பிறகுதான் சாற்றில் போடுகிறார்கள். காரலும் கசப்பும் போய் வெண்மையும் நிற்கும்.

தாமரைக்கிழங்கும் கோபோ என்ற நீள வேரும் வெட்டியவுடன் கறுக்கும். சிறிது காடி கலந்த நீரில் உடனே போடுங்கள். கோபோவின் தோலைச் சீவாதீர்கள், மணம் அங்கேதான். கத்தியின் முதுகால் சுரண்டினால் போதும். தாமரைக்கிழங்கு மூன்று நிமிடத்தில் மொறுமொறு, ஒரு மணி நேரத்தில் மாவு. இரண்டும் நல்ல உணவுதான். இடைப்பட்ட பதினைந்தாவது நிமிடம் மட்டும் எதிலும் சேராது.

பச்சைச் சோயா காயை உப்பு நீரில் நான்கைந்து நிமிடம் வேகவைத்து, பருப்பை மட்டும் பிதுக்கித் தின்ன வேண்டும், தோடு நார். செல்டியூஸ் எனப்படும் தண்டு லெட்டூஸின் தடித்த தோலைத் தாராளமாகச் சீவி, உள்ளிருக்கும் பச்சை மணி போன்ற பகுதியைப் பச்சையாகவே மெல்லலாம். பூண்டுக்கீரை என்று நான் அழைக்கும் தட்டை இலை வெங்காய வகையை முட்டையோடு கலந்து கிண்டுங்கள். வேறு எதுவும் வேண்டாம்.

பச்சை மூங்கில் குருத்து கிடைத்தால் அவசரப்படாதீர்கள். உறையை உரித்து, பிளந்து, நிறைய நீரில் மூடி போடாமல் கொதிக்கவிட்டு, அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும். துண்டுகள் பெரிதானால் ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகும். கசப்பு இருந்தால் நீர் மாற்றி மறுபடி. இந்தப் பொறுமை இல்லாதவர்கள் வேகவைத்து அடைத்த குருத்தை வாங்குவதே நல்லது. நான் அப்படித்தான்.

சமைக்காத பாக் சோயைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாலட்டில் நாலு இலை போட்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் 2010-இல் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான செய்தி: 88 வயது மூதாட்டி ஒருவர் நாள்தோறும் ஒரு கிலோ முதல் ஒன்றரை கிலோ வரை பச்சையாகவே மாதக்கணக்கில் தின்று, தைராய்டு செயலிழந்து மயங்கிய நிலையில் மருத்துவமனைக்கு வந்தார். கடுகுக் குடும்பத்தின் சில பொருள்கள் தைராய்டு அயோடினை எடுத்துக்கொள்வதைத் தடுக்கும்; வேகவைத்தால் அந்த வலிமை பெரிதும் குறையும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களும் கீரையின் அளவைத் திடீரென்று கூட்டும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். வைட்டமின் கே இவற்றில் அதிகம்.

படி 5: விதைக்கும் முன் பருவத்தைப் படியுங்கள்

வளர்ப்பில் தோற்றவர்களில் பெரும்பாலோர் மண்ணாலோ உரத்தாலோ தோற்கவில்லை; நாளால் தோற்றார்கள். இந்தக் காய்கறிகளை இரண்டு கட்சியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

கடுகுக் குடும்பம் முழுவதும், முள்ளங்கி, சாமந்திக் கீரை, பட்டாணிக் கொழுந்து ஆகியவை குளிர்க் கட்சி. 15 முதல் 22 டிகிரி வரை அவற்றுக்குச் சொர்க்கம். வள்ளைக்கீரை, பச்சைச் சோயா, பெரில்லா, எலுமிச்சைப்புல், ஒன்றரை அடி நீளம் தொங்கும் காராமணி வகை, சிறகவரை ஆகியவை வெயில் கட்சி. குளிர் கூடினால் சோம்பும். உறைபனி பட்டால் செத்துப்போகும்.

குளிர்க் கட்சிக்கு ஒரு விசித்திரம் உண்டு. இளநாற்றாக இருக்கும்போது 10 டிகிரிக்குக் கீழான குளிரை ஒரு வாரம், பத்து நாள் அனுபவித்துவிட்டால், பாக் சோயும் நாப்பாவும் குளிர்காலம் ஒன்றைக் கடந்துவிட்டதாக எண்ணிக்கொள்ளும். பிறகு பகல் நீண்டு வெயில் ஏறியதும் இலையை நிறுத்திவிட்டுப் பூத்தண்டு விடும். இதனால்தான் குளிர்நாடுகளில் இளவேனில் தொடக்கத்தில் ஆசையாக விதைத்தவர்கள் மஞ்சள் பூவைப் பார்த்து நொந்துபோகிறார்கள். அங்கே கோடையின் பிற்பகுதியில் விதைத்து, இலையுதிர்காலத்தில் அறுப்பதே சரி. நாள் சுருங்கும், குளிர் மெல்ல ஏறும், செடி இலையிலேயே நிற்கும். வெப்ப நாடுகளில் ஆண்டின் தணிந்த மாதங்களில் மட்டும் விதைத்து, மாலை வெயில் படாத இடம் கொடுங்கள். மற்ற மாதங்களில் முயல்வது வீண் வேலை. அப்போது வள்ளைக்கீரையைப் போடுங்கள். விதை வாங்கும்போது ‘தாமதமாகப் பூக்கும்’ என்று குறித்த வகை கிடைத்தால் அதையே எடுங்கள்.

பூத்துவிட்டால் அழ வேண்டாம். மொட்டோடு இருக்கும் இளந்தண்டை ஒடித்து வதக்குங்கள். சோய் சம் என்று காசு கொடுத்து வாங்குவது அந்த உறுப்பைத்தானே.

படி 6: முதல் ஆண்டுக்கு மூன்று செடி

பன்னிரண்டு விதை உறை வாங்கும் ஆசை எல்லோருக்கும் வரும். மூன்று போதும்: குளிருக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று, ஆண்டு முழுவதும் நிற்க ஒன்று.

பாக் சோய்: ஒரு சாண் ஆழமுள்ள அகன்ற தொட்டி. மண்ணில் மூன்றில் ஒரு பங்கு மட்கிய உரம். ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் விதைத்தால் ஒரு வாரத்துக்குள் முளைக்கும். நெருக்கமாக முளைத்ததைக் கலைக்கத் தயங்காதீர்கள். பிடுங்கிய நாற்றும் கீரைதான். சிறிய செடியாக அறுக்க 10 சென்டிமீட்டர் இடைவெளி, முழுச் செடிக்கு 20. வேர் மேலாக ஓடும் செடி என்பதால் ஒருநாள் காய்ந்தாலும் தண்டு நாராகும். சிறியதாக 30 முதல் 40 நாளில், முழுதாக 50 நாள் அளவில் அறுக்கலாம். மொத்தமாக ஒரே நாளில் விதைக்காமல் பத்து நாளுக்கு ஒரு முறை ஒரு வரிசை போடுங்கள்.

கடையில் வாங்கியதன் அடிக்கட்டையை நீரில் வைத்து வளர்க்கும் வித்தை உண்டு. நாலு இலை வரும், பிறகு பூக்கும். குழந்தைகளுக்கு வேடிக்கை காட்ட நன்று, கறிக்கு ஆகாது.

வள்ளைக்கீரை: விதையை இரவு முழுவதும் ஊறவைத்து நடுங்கள். அதைவிட எளிது, கடைக்கட்டில் தடித்த நாலு தண்டை எடுத்து, கணு நீருக்குள் இருக்கும்படி நிற்கவைப்பது. சில நாளில் வேர் விடும். தொட்டியின் வடிகால் துளைக்கு அடியில் தட்டு வைத்து நீர் தேங்கவிடுங்கள். மற்ற செடிக்கு நஞ்சான அந்த ஈரம் இதற்கு விருந்து. ஒரு அடி வளர்ந்ததும் இரண்டு கணு விட்டு வெட்டுங்கள்; ஒவ்வொரு கணுவிலிருந்தும் புதுத்தண்டு கிளம்பும். தொட்டியைத் தாண்டவிடாதீர்கள். நீர்நிலையில் புகுந்தால் பாய் விரித்தது போலப் படர்ந்துவிடும். அமெரிக்காவில் இது கூட்டரசின் தீங்குக் களைப் பட்டியலில் இருக்கிறது. வெளிநாட்டில் வாழ்பவர்கள் விதைக்கும் முன் அந்த ஊர்ச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூண்டுக்கீரை: பொறுமைசாலிகளின் செடி. வெங்காயக் குடும்பத்து விதைகள் சீக்கிரம் உயிரிழப்பவை. புது விதையாக வாங்குங்கள், முடிந்தால் யாரிடமாவது ஒரு தூரைக் கேட்டு வாங்குங்கள். முதல் ஆண்டு அதிகம் அறுக்காதீர்கள். இரண்டாம் ஆண்டிலிருந்து மண்ணுக்கு மேல் இரண்டு விரல் விட்டு அறுக்க அறுக்க வரும். மூன்று ஆண்டுக்கு ஒரு முறை தூரைப் பிரித்து நடுங்கள். அறுத்த தூரின் மேல் ஒரு மண்பானையைக் கவிழ்த்து இரண்டு மூன்று வாரம் இருட்டில் விட்டால், வெளிர்மஞ்சளாக, பஞ்சு போல மென்மையாக முளைக்கும். சீனச் சமையலில் அதற்குத் தனி மதிப்பு. அடுத்த அறுப்பை வெளிச்சத்தில் விட்டுச் செடியைத் தேற்ற வேண்டும். வெள்ளைப் பூவை விதையாகவிட்டால் தோட்டம் முழுவதும் முளைக்கும், எச்சரிக்கை.

மற்றவற்றில் சில நுணுக்கங்கள் மட்டும். பெரில்லா விதைக்கு வெளிச்சம் பட்டால்தான் முளை. மண்ணால் மூடாமல் மேலே தூவி அழுத்துங்கள். நாப்பாவின் உள்ளிலை ஓரம் பழுப்பாகக் கருகினால் நோய் என்று மருந்து தேடாதீர்கள். நீர் சீராகக் கிடைக்காததால் சுண்ணச்சத்து உள்ளிலை வரை போய்ச் சேரவில்லை. கோபோவின் வேர் இரண்டு அடிக்கு மேல் இறங்கும். உயரமான பையில் வளர்த்து, அறுக்கும் நாளில் பையையே கிழித்துவிடுங்கள். மிசுனாவைத் தரைக்குச் சற்று மேலாக அறுத்தால் மறுபடி வளரும். நாப்பா அப்படி வராது.

பூச்சியைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. கடுகுக் குடும்பத்து இலை என்றால் வெள்ளை வண்ணத்துப்பூச்சியின் பச்சைப் புழுவும், தொட்டால் துள்ளும் சின்னஞ்சிறு கருவண்டும், அசுவினியும் தேடி வரும். விதைத்த அன்றே மெல்லிய பூச்சிவலையால் மூடிவிடுங்கள்; ஓரங்களை மண்ணில் புதையுங்கள். துளை விழுந்த பிறகு மூடினால் பூச்சியை உள்ளே வைத்துப் பூட்டியது போலாகும். தரையில் வளர்ப்பவர்கள் ஒரே பாத்தியில் கடுகுக் குடும்பத்தையே திரும்பத் திரும்பப் போடாதீர்கள்; வேர் வீங்கும் நோய் மண்ணில் தங்கிவிட்டால் பல ஆண்டுகள் போகாது. முள்ளங்கியும் அதே குடும்பம் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

விதை எடுக்க நினைத்தால்

இங்கேயும் உறவுமுறைதான் கைகொடுக்கும், காலையும் வாரும். பாக் சோய் தன் மகரந்தத்தால் பெரும்பாலும் தானே கருவுறாது. ஆகவே ஒற்றைச் செடியைப் பூக்கவிட்டால் காய் பிடிப்பது அரிது. ஐந்தாறு செடிகளாவது ஒன்றாகப் பூக்க வேண்டும். ஆனால் அதே சமயம் பக்கத்தில் மிசுனாவோ, நாப்பாவோ, டர்னிப்போ பூத்திருந்தால் தேனீ வித்தியாசம் பார்க்காது. எல்லாம் ஒரே இனம், கலந்துவிடும். அடுத்த ஆண்டு பாக் சோய் என்று விதைத்தது பாதி மிசுனா முகத்தோடு வரும். எனக்கு வந்தது. சாப்பிட நன்றாகவே இருந்தது, பெயர்தான் இல்லை. கலப்பின விதையில் வளர்ந்த செடியிலிருந்து விதை எடுத்தாலும் பிள்ளைகள் ஒரே மாதிரி வராது. தூய விதை வேண்டுமானால் ஒரு பருவத்தில் ராப்பா இனத்தில் ஒன்றை மட்டும் பூக்கவிடுங்கள்; முள்ளங்கி பூத்திருந்தால் கவலை இல்லை. காய்கள் வைக்கோல் நிறமானதும், வெடிக்கும் முன், தண்டோடு வெட்டித் தாள்பையில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுங்கள். இரண்டு வாரத்தில் பையை உலுக்கினால் கடுகு போலக் கலகலவென்று உதிரும். உலர்ந்த இடத்தில் வைத்தால் நான்கு ஆண்டுகள் வரை முளைக்கும். உறையில் ஆண்டை எழுதிவையுங்கள்.